குவாமில் மாலுமிகளுக்குத் தந்த தனிமைப்படுத்தல்: 5-க்கு 2
2020 மார்ச் 27-இல் கொரோனா தொற்றோடு, பசிபிக்கிலுள்ள அமெரிக்கத் தீவான குவாமுக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் சுமார் 4,800 பேர். அமெரிக்கக் கடற்படை முதலில் கொடுத்தது, தளத்து உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசைக் கட்டில், பொதுக் கழிப்பறை. கப்பலில் மூன்றடுக்குப் படுக்கை, இங்கே ஓரடுக்கு; தொற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கப்பலின் கேப்டன் பிரெட் குரோசியர் மார்ச் 30 கடிதத்தில் கேட்டது தனித்தனி அறை. அணு உலை, காவல், கிருமிநீக்கம் ஆகியவற்றுக்குச் சுமார் 10 சதவீதம் பேர் மட்டும் கப்பலில் தங்கட்டும் என்றார். சரியான கணக்கு. இரண்டு உலை உள்ள கப்பலைப் பூட்டுப் போட்டுவிட்டு இறங்க முடியாது.

தொற்று இல்லாதவர்களுக்கு ஓட்டல் அறை தர குவாம் ஆளுநர் லூ லியோன் கெரேரோ ஒப்புக்கொண்டார். இந்தப் பகுதி உருப்படி. ஆனால் ஒரே ஒரு நெகடிவ் முடிவை நம்பக் கூடாது. அடைகாலத்தில் (தொற்றியும் இன்னும் வெளிப்படாத நாட்களில்) இருப்பவர் அதில் தப்பிவிடுவார். 14 நாள் அறைக்குள் இருந்து, திரும்புமுன் மறுசோதனை செய்தாக வேண்டும்.

மேலிடத்துக்குப் பூஜ்ஜியம். கடற்படைப் பொறுப்புச் செயலர் தாமஸ் மாட்லி, அந்தக் கடிதத்துக்காக ஏப்ரல் 2-இல் கேப்டனை நீக்கி, குவாமுக்கே பறந்துபோய்க் கப்பல் ஒலிபெருக்கியில் அவரைத் திட்டி, 7-ஆம் தேதி தானும் பதவி விலகினார். (போகாமல் இருந்திருந்தால் பயணச் செலவாவது மிஞ்சியிருக்கும்.) மொத்தம் 1,271 பேருக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். மே மாதம், குணமாகிக் கப்பலேறிய சிலருக்கு மறுபடியும் பாசிட்டிவ் வந்தது.