'டெவில் வேர்ஸ் பிராடா' டிவிடி: ரன்வே ஆபீஸுக்காகவே வாங்கலாம், ஆனால் ஒரு மனக்குறை

'தி டெவில் வேர்ஸ் பிராடா' (2006) என்றாலே மெரில் ஸ்ட்ரீப், அப்புறம் உடைகள் என்று பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. எனக்குக் கதை நடக்கும் 'ரன்வே' ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ரன்வே' ஒரு கற்பனை ஃபேஷன் பத்திரிகை; அதன் கெடுபிடியான ஆசிரியர் மிராண்டா (ஸ்ட்ரீப்), அவருக்குப் புதிதாக வந்து சேரும் உதவியாளர் ஆண்ட்ரியா. கற்பனைதான், ஆனால் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது காலங்காலமாக வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிவிடுகிறோம் என்றால், அதில் நடிப்புக்கு இருக்கும் பங்கு தயாரிப்பு வடிவமைப்பாளர் ஜெஸ் கான்ச்சர் போட்ட செட்டுக்கும் உண்டு.

நிஜமான ஃபேஷன் பத்திரிகை அலுவலகங்களைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவர் ரன்வேயை வடிவமைத்தார். எங்கு பார்த்தாலும் வெள்ளை, வெளிர் பழுப்பு. மேக்கப் காம்பாக்ட்டைத் திறந்தால் தெரியுமே, அந்தத் துப்புரவு. வெள்ளையடித்தால் ஆயிற்றா என்று கேட்பவர்கள், ஆண்ட்ரியா நீல ஸ்வெட்டரோடு மிராண்டாவின் அறையில் நின்று, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெல்ட்டுகளைப் பார்த்துச் சிரித்து மிராண்டாவிடம் திட்டு வாங்கும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அந்த ஸ்வெட்டருக்கு அங்கே ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடையாது. மிராண்டா வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அறையே ஆண்ட்ரியாவை வெளியே தள்ளுகிறது.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. உதவியாளரின் மேசை மிராண்டா உள்ளே போகும் வழியிலேயே இருப்பதால்தான் கோட்டும் கைப்பையும் வந்து அதன் மேல் விழுகின்றன, அதை நாலடி தள்ளிப் போட்டிருந்தால் அந்த அவமானம் இவ்வளவு சுருக்கென்று தைக்காது.

மிராண்டாவின் அறையில் இருக்கும் எண்கோணக் கண்ணாடி, புகைப்படங்கள், மேசைப் பூக்கள் எல்லாம் அப்போது 'வோக்' ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அன்னா வின்டூரின் அறையை அப்படியே நினைவூட்டின. படம் வந்த பிறகு வின்டூர் தன் அறையையே மாற்றி அமைத்தார் என்று செய்தி வந்தது. ஒரு செட்டுக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

சரி, டிவிடிக்கு வருவோம். கூடுதல் சமாச்சாரங்களுக்குக் குறைவே இல்லை: நீக்கப்பட்ட காட்சிகள் 15, படத்தைப் பற்றிய ஐந்து குறும்படங்கள், படம் முழுக்க ஓடும் விளக்கவுரை. இயக்குநர் டேவிட் ஃபிராங்கெல், தயாரிப்பாளர், திரைக்கதையாசிரியர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், உடை வடிவமைப்பாளர் பெட்ரீஷியா ஃபீல்ட் என ஆறு பேர் பேசுகிறார்கள். கான்ச்சர் இல்லை. ஃபீல்டுக்குத் தனியாக ஒரு குறும்படம், ஃபேஷன் வடிவமைப்பாளர் வாலன்டினோ படத்தில் வந்து தலைகாட்டிப் போனதற்குக்கூட ஒன்று, செட்டுக்கென்று ஒன்றுமில்லை! ஃபீல்டின் வேலை அபாரம், ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த உடைகள் எடுப்பாகத் தெரிந்தது எந்தச் சுவருக்கு முன்னால்? அந்த வெள்ளையை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எந்த மேசை எங்கே என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று பத்து நிமிடம் அவரைப் பேச விட்டிருந்தால், கலை இயக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாகவே இருந்திருக்கும்.

இருந்தாலும் பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். செட் வேலையில் ஆர்வம் இருப்பவர்கள் குறும்படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆபீஸ் காட்சிகளை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட விடுங்கள், யாருக்கு எங்கே இடம், யார் எதுவரை உள்ளே போகலாம் என்பதெல்லாம் வசனமே இல்லாமல் புரியும்.