களி கிண்ட மூன்றடித் தரை: எங்கள் சமையலறை, மூன்று வருடத்துக்குப் பிறகு

2022 ஆவணியில் எங்கள் சமையலறையைக் காலி செய்து புதிதாக அடுக்கினோம். வீடு பாலக்கோடு பக்கம். அறை பத்துக்கு எட்டடி. நான் காலை எட்டேகால் பஸ்ஸில் தருமபுரிக்கு வேலைக்குப் போகிறவள். மதியச் சமையல் அத்தை பொறுப்பு. அவருக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. அறையைப் பிரிக்கும்முன் அவர் தினமும் ஸ்டூல் போட்டு ஏறித்தான் கேழ்வரகு மாவு டின்னை எடுப்பார். அதைப் பார்த்துப் பயந்துதான் இந்த வேலையையே தொடங்கினோம்.

பொருள்களை வகை பிரித்து அடுக்காமல், எந்த நேரத்தில் எந்தக் கைக்கு எது வேண்டும் என்று பார்த்து வைத்தோம். அடுப்புக்கு வலப்பக்கம் கை எட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு. காலை டிபனுக்கு வேண்டிய ரவை, சேமியா, டீத்தூள், சர்க்கரை என் மார்பு உயரத்தில் ஒரே தட்டில். அத்தைக்கு வேண்டிய மாவு, நொய், கொள்ளு, அவரைக் கொட்டை எல்லாம் இடுப்பு உயரத்தில். பண்டிகைக்கு மட்டும் இறங்கும் அண்டாவும் முறுக்கு நாழியும் பரணுக்குப் போயின. மூன்று வருடமாக இந்த ஏற்பாட்டை மாற்றவே இல்லை.

தச்சர் மூலையிலும் ஒரு அலமாரி அடிக்கச் சொன்னார். "அந்த எடத்த மட்டும் உட்ரு கண்ணு, களிய எங்க வெச்சுக் கிண்டறது?" என்றார் அத்தை. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. மேடை 33 அங்குல உயரம். அதன் மேல் களிச்சட்டியை வைத்தால் தோள்தான் வலிக்குமே தவிர துடுப்பில் அழுத்தம் விழாது. நொய் வெந்த கொதிநீரில் மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி போட்டு, சிறு தீயில் வேகவிட்டு, சட்டியைத் தரைக்கு இறக்குவார். ஒரு அடி உயர முக்காலியில் உட்கார்ந்து, சட்டியின் இரு காதுகளையும், நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கோலில் மாட்டி, கோலைக் காலால் மிதித்துக்கொண்டு கிண்டுவார். கட்டி ஒன்றும் தட்டாமல் சட்டி ஓரத்தை விட்டுக் களி உருண்டு வரும். அதற்கு வேண்டியது மூன்றடித் தரை. அந்த மூன்றடியை அலமாரிக்குக் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் களியே நின்றிருக்கும்.

மாவு விஷயத்திலும் ஒன்று கற்றுக்கொண்டோம். 2023 மே மாதத்திலிருந்து எங்கள் மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். அதனால் வீட்டில் கேழ்வரகு சேர்ந்துகொண்டே வந்தது. தானியமாக வைத்தால் வருடக்கணக்கில் கெடாது, அதனால் கீழ்த் தட்டு டிரம்மில் இருக்கிறது. அரைத்த மாவு 3 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. கம்பு மாவு இன்னும் சீக்கிரம் கசக்கும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறோம். பங்குனியில் கொட்டை எடுத்த புதுப்புளியைக் கல்லுப்புப் போட்டுப் பீங்கான் ஜாடியில் அமுக்கி வைக்கிறோம். எவர்சில்வர் சம்படத்தில் வைத்த வருடம் அடியில் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது.

தண்ணீருக்குத் தனி இடம் ஒதுக்கியதைத்தான் இந்த வேலையிலேயே பெரிய நன்மையாக நினைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் கறுத்துப்போனவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதனால் குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் அந்தத் திட்டத்தில் வரும் காவிரி ஆற்றுத் தண்ணீர்தான். அடுப்புக்கு இடப்பக்கம் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இரண்டு வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் குழாய் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் வரும், அதுவரை தாங்கும். போர் தண்ணீர்க் குழாய் பாத்திரம் கழுவும் தொட்டியோடு நின்றுவிடும். முன்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது, அவசரத்தில் கைக்கு வந்ததை மொண்டு உலை வைத்த நாள்கள் நிறைய.

வருத்தமும் ஒன்று உண்டு. அரிசிக்கும் கனமான பாத்திரத்துக்கும் என்று இழுவைக் கூடைகள் போட்டோம். கடைக்காரர் 25 கிலோ மூட்டையே தாங்கும் என்றார். எட்டாவது மாதம் கூடை ஓடும் சேனல் வளைந்து பாதியில் சிக்கிக்கொண்டது. போர் தண்ணீர் சொட்டிய இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துத் துருவும் ஏறியது. பேசிப் பார்த்தோம், மாற்றித் தரவில்லை. கடைசியில் கூடையைக் கழற்றிவிட்டுக் கடப்பாக்கல் தட்டு போட்டோம். அன்று கொடுத்த பணத்துக்கு முதலிலேயே கல் போட்டிருந்தால் ஒரு வருட எரிச்சல் மிச்சமாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியும்படி என்று வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களும் மஞ்சளும் எண்ணெயும் ஏறிப் பிசுபிசுத்துப்போய்விட்டன. பழைய எவர்சில்வர் சம்படங்களே திரும்பி வந்தன. மூடியில் பெயின்ட்டால் பெயர் எழுதியிருக்கிறோம்.

சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மறைக்கிறவர்கள், கதவின் கீழ்ப்பகுதியில் கட்டாயம் துளை விடுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். எங்கள் கதவில் முதலில் மேலேதான் துளை போட்டிருந்தார்கள். சிலிண்டர் போட வந்த பையன் பார்த்துச் சொன்ன அன்று சாயங்காலமே கீழேயும் நான்கு துளை போடவைத்தேன்.

அடுத்த கோடையில் தண்ணீர் டிரம்முக்கு அடியில் கல் மேடையை நான்கு அங்குலம் உயர்த்த வேண்டும். இப்போது குழாய்க்குக் கீழே அத்தையின் பித்தளைச் சொம்பு நிற்கிறது, குடம் நுழைவதில்லை.