1,800 ரூபாய் கார்ட், 4,500 ரூபாய் கேபிள்

மத்திய வீதியில் மாமா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்து நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, திருகோணமலைக் காற்றில் பாதிக்கு ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்துவிட்டது. மீதியையாவது ஸ்கான் பண்ணி வைப்போம் என்றால் அவரிடம் இருப்பது நிக்கோன் எல்எஸ்-30 நெகட்டிவ் ஸ்கானர். யூஎஸ்பி கிடையாது, ஸ்கஸி என்ற பழைய இணைப்பு மட்டும்தான், அதற்குக் கம்ப்யூட்டரில் தனிக் கார்ட் போட வேண்டும். புது மதர்போர்டுகளில் அந்தப் பழைய கார்டுகளைச் செருகும் பிசிஐ ஸ்லொட்டே அநேகமாக இல்லை என்பதால் மூலையில் கிடந்த பென்டியம் 4 கம்ப்யூட்டரைத் துடைத்து டெபியன் 12 லினக்ஸ் போட்டுவிட்டு, கார்ட் தேடிக் கொழும்புக்குப் போனேன்.

பழைய சாமான் கடையொன்றில் மூன்று கார்டுகள் இருந்தன. கடைக்காரர் அடாப்டெக் 29160ஐத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார், “தம்பி, இது 160, மற்றது வெறும் 20” என்று. வினாடிக்கு 160 மெகாபைட் என்பது உண்மைதான், ஆனால் என் 32 பிட் பிசிஐ ஸ்லொட்டே 133க்கு மேல் தாங்காது, ஒரு படத்தை ஆடி அசைந்து இழுக்கிற நெகட்டிவ் ஸ்கானருக்கு 20 என்பதே மிச்சம். அதோடு அதன் வெளிவாய் (வெளியே கேபிள் மாட்டும் இடம்) 68 முள், மாற்றுவதற்கு இன்னொரு அடாப்டர் வேண்டும். இரண்டாவது பெயரில்லாத சின்னக் கார்ட், சிப்பில் 53சி810 என்று இருந்தது. லினக்ஸில் அதுவும் ஓடும், இந்த வகையில் பலவற்றில் பயோஸ் (தொடக்க மென்பொருள்) இல்லாததால் அதில் மாட்டிய டிஸ்கிலிருந்து பூட் பண்ண முடியாமல் போகலாம், ஸ்கானருக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் அதற்கு வெளிவாயே இல்லை, விட்டுவிட்டேன்.

வாங்கியது அடாப்டெக் 2940யூ, 1,800 ரூபாய். சிப் ஏஐசி-7880. இதற்கான ஏஐசி7எக்ஸ்எக்ஸ்எக்ஸ் ட்ரைவர் லினக்ஸின் கருவான கேர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் தேடி இறக்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: 2944 என்று இருந்தால் தொடவே வேண்டாம். ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் அது உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் என்ற வேறு வகை ஸ்கஸி, சாதாரண ஸ்கானரை மாட்டினால் இரண்டில் ஒன்று எரியக்கூடும்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் மாட்டிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டே தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் தங்கப் பல்லெல்லாம் கறுத்துப்போய் இருந்தது. மகளின் அழிறப்பரை வாங்கித் தேய்த்து மறுபடி மாட்டினேன், வந்துவிட்டது. கடலோரத்தில் பழைய கார்ட் வைத்திருப்பவர்கள் ஓர் அழிறப்பரும் வைத்திருங்கள்.

அப்புறம் தொடங்கியது உண்மையான தலையிடி. கார்ட் தெரிகிறது, ஸ்கானர் தெரியவில்லை, ஸ்கஸி பஸ் (தரவு போகும் பாதை) ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது. இரண்டு இரவு ட்ரைவரைச் சந்தேகப்பட்டேன், பாவம், அதில் ஒரு பிழையும் இல்லை. ஸ்கஸி கம்பியின் இரண்டு முனையும் டெர்மினேட்டரில் (சமிக்ஞை திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் முனைத்துண்டு) முடிய வேண்டும், கார்ட் பக்கத்தை 2940யூ தானே பார்த்துக்கொள்ளும், ஸ்கானர் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் “சும்மாவே வேலை செய்யும்” என்று தந்த கேபிளிலும் இரண்டு முள் வளைந்திருந்தன. நல்ல கேபிளும் டெர்மினேட்டரும் பஸ் பார்சலில் வந்து சேர 4,500 ஆனது, கார்டைவிட இரண்டரை மடங்கு! கார்ட் வாங்கும்போதே இந்த இரண்டையும் கேட்டு விலை பேசியிருக்க வேண்டும், ரசீது இல்லாமல் வாங்கியதால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

ஸ்கானரின் ஐடியை (ஸ்கஸி கம்பியில் அதன் இலக்கம்) 5இல் வைத்தேன், 7 வழக்கமாகக் கார்டுக்கு உரியது. ஸ்கானரை முதலில் ஓன் பண்ணிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போட வேண்டும், மாமா இதை மறந்துவிட்டு எனக்கு எத்தனை தடவை கோல் எடுத்துவிட்டார்! மற்றபடி லினக்ஸின் ஸ்கான் மென்பொருளான சேனின் கூல்ஸ்கான்2 ட்ரைவர் மூலம் 2700 டிபிஐயில் சுத்தமாக வருகிறது. கார்டுக்கு ஐந்துக்கு ஐந்து. கடைக்கு இரண்டு, அதுவும் 2940யூவை எடுத்துக் காட்டியதற்காக.