பாடப்பொருள் நூலகப் பயிற்சி: இரண்டாம் நாள்தான் உருப்படி

ஆசிரியர்கள் தயாரிக்கும் பாடங்களை இணைய நூலகத்தில் சேர்ப்பது பற்றி நாகர்கோவிலில் நடந்த 2 நாள் பயிற்சி. முதல் நாள் முழுக்க ஸ்லைடுதான், பொறுமை போய்விட்டது. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்தைத் திறந்துகூடக் காட்டவில்லை.

மறுநாள் எங்கள் கையில் விட்டார்கள். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமம், அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் எப்படி வருகிறது என்று நான் தயாரித்த பாடத்தைப் பதிவேற்றினேன். படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என்டி’ என்று இருந்தால் மாற்றியதைப் பகிரக் கூடாது என்று பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அப்படி இணையத்தில் எடுத்து மாற்றியிருந்த 2 படங்களை அப்போதே நீக்கினேன்.

அப்புறம் தாவரவியல் டீச்சர் ‘மணல்’ என்று தேடினார், என் பாடம் வரவில்லை. தேடலுக்கு உதவும் குறிச்சொல்லைத் தமிழில் சேர்த்ததும் வந்தது! இதற்காகவே போகலாம். முதல் நாளை அரை நாளாகச் சுருக்குங்கள், சார்.