ஒளிரும் நச்சு: சாயத்தை எங்கே ஒட்டுவது?

பாக்டீரியா நச்சு ஒரு நோயெதிர்ப்பு செல்லை எப்படிப் பிடிக்கிறது, உள்ளே போகிறதா, சவ்வில் துளை போடுகிறதா என்று பார்க்க, நச்சின் மேலேயே ஒளிரும் குறி ஒன்றைச் சேர்க்கிறோம். மூன்று வழிகளுக்குள்தான் போட்டி: நச்சுப் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களில் சாயம் ஒட்டுவது, சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றில் மட்டும் ஒட்டுவது, ஜிஎஃப்பி போன்ற ஒளிரும் புரதத்தை மரபணு மட்டத்திலேயே இணைப்பது. பலரும் எது அதிகம் பளிச்சென்று தெரியும் என்று பார்த்தே தேர்வு செய்கிறார்கள். குறி சேர்ந்த பிறகும் நச்சு தன் வேலையைச் செய்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

லைசின் வழி எளிது. சாயத்தைக் கலந்து, ஒட்டாமல் மிஞ்சியதைப் பிரிப்புக் குழாயில் (column) பிரித்தால் முடிந்தது. ஆனால் புரதத்தின் மேற்பரப்பில் லைசின்கள் நிறைய இருக்கும். சாயம் எதில் போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. செல்லின் ஏற்பியை, அதாவது நச்சு பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை, தொடும் இடத்தில் உட்கார்ந்தால் அந்த மூலக்கூறு வீண். சாயம் அளவுக்கு மீறினால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும்.

இந்த வழி நன்றாகப் பொருந்துவது காலரா நச்சின் பி துணை அலகுக்கு. ஐந்து அலகுகள் வளையமாகச் சேர்ந்து செல் சவ்வில் உள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பைப் பிடிக்கின்றன. ஒரு பிடி கெட்டாலும் மற்றவை தாங்கும். நஞ்சாக வேலை செய்யும் ஏ துணை அலகு இல்லாததால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு எகிறுவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: ஐந்து பிடிகளால் இது ஜிஎம்1-களை ஒன்றாக இழுத்துக் கட்டிவிடும். டி செல்லின் சவ்வு இயல்பில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய், நாமே அதை மாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது.

நோயறிதல் வரை போன ஒளிரும் நச்சும் ஒன்று உண்டு. ஏரோலைசின் என்ற பாக்டீரியா நச்சின் செயலற்ற வடிவத்தில் அலெக்ஸா 488 சாயம் ஒட்டிய ஃப்ளேயர், சில புரதங்களைச் செல் சவ்வில் நிறுத்தும் ஜிபிஐ நங்கூரத்தையே நேரடியாகப் பிடிக்கிறது. பிஎன்எச் என்ற இரத்த நோயில் அந்த நங்கூரம் இல்லாத நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற வெள்ளையணுக்களை இதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

துளை போடும் நச்சு என்றால் நான் யோசிக்காமல் சிஸ்டீன் பக்கம் போவேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் ஆல்ஃபா நச்சில் 293 அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்றுகூட சிஸ்டீன் இல்லை. ஆகவே நாம் விரும்பும் இடத்தில் ஒரே ஒரு சிஸ்டீனை வைத்து, சிஸ்டீனோடு பிணையும் மாலிமைடு (maleimide) சாயத்தை அங்கே மட்டும் பிணைக்கலாம். மூலக்கூறுக்கு ஒரு சாயம், அதுவும் தெரிந்த இடத்தில். ஏழு மூலக்கூறுகள் சேர்ந்து துளையாவதை, நெருங்கி வரும் சாயங்களுக்கு இடையேயான ஆற்றல் பரிமாற்றத்தை வைத்தே கவனிக்க முடியும். செலவு என்னவென்றால் திரிபு நச்சைப் புதிதாக உருவாக்கிச் சுத்திகரிக்க வேண்டும். சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணையாமல் இருக்கச் சேர்க்கும் டிடிடியைச் சாயம் போடும் முன் முழுக்க நீக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே சாயத்தை விழுங்கிவிடும்.

அதே பாக்டீரியாவின் பிவிஎல் நச்சு இரண்டு பகுதிகளால் ஆனது. லக்-எஸ் பகுதி மனித நியூட்ரோஃபில்லின் சி5ஏ ஏற்பியைப் பிடித்த பிறகே லக்-எஃப் வந்து சேர்கிறது. எந்தப் பகுதியில் சாயம் என்பதைப் பொறுத்து நாம் பார்ப்பது பிணைப்பா, துளை உருவாவதா என்பது மாறும். எலி நியூட்ரோஃபில்லில் ஒளி தெரியவில்லை என்றால் சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம். எலியின் சி5ஏ ஏற்பியை இந்த நச்சு பிடிப்பதில்லை.

ஜிஎஃப்பி இணைப்பில் சாயம் கழன்றுபோகும் கவலை இல்லை, விகிதமும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அதன் எடை 27 கிலோடால்டன், ஆல்ஃபா நச்சின் எடையே சுமார் 33. ஆந்த்ராக்ஸ் போன்ற நச்சுகளில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே குறுகிய துளை வழியாகப் புரதம் மடிப்பு அவிழ்ந்துதான் செல்லுக்குள் நுழைய வேண்டும். ஜிஎஃப்பியின் இறுகிய பீப்பாய் வடிவம் எளிதில் அவிழாது. உள்ளே இழுத்ததைச் செல் வைக்கும் பையான எண்டோசோமின் அமிலத்தில் ஜிஎஃப்பியின் ஒளியும் மங்கும். எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிரும் புரதம் அமிலத்தைத் தாங்கும். ஆனால் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் நச்சு செரிந்துபோன பிறகும் அது ஒளிர்ந்துகொண்டிருக்கலாம். செல்லின் மேற்பரப்பில் பிணைப்பை எண்ண மட்டும் ஜிஎஃப்பி போதும்.

ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள நச்சான எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு) புரதமே இல்லை, அதனால் மரபணு வழிக்கு இடமில்லை. சாயம் ஒட்டிய எல்பிஎஸ் கட்டிகட்டியாகச் சேரும், சவ்வில் கண்ட இடத்தில் ஒட்டும். சாயமில்லாத எல்பிஎஸ்ஸை மிகுதியாகச் சேர்த்தும் ஒளி குறையவில்லை என்றால், அந்த ஒளியை எல்பிஎஸ்ஸின் ஏற்பியான சிடி14-இன் கணக்கில் எழுதக் கூடாது.

எந்த வழியானாலும் குறியிட்ட நச்சையும் குறியிடாததையும் பக்கத்தில் வைத்துச் செயலை அளந்து பாருங்கள். ஆல்ஃபா நச்சுக்கு முயல் சிவப்பணுக்கள் உடையும் அளவே நல்ல அளவுகோல். பிணைப்பை 4 டிகிரியிலும், உள்ளே போவதை 37 டிகிரியிலும் பாருங்கள். எஃப்ஐடிசி சாயம் என்றால் டிரைபான் நீலம் வெளியில் இருக்கும் ஒளியை அணைத்துவிடும். மிஞ்சுவது உள்ளே போனது.

சைட்டோகைன் (நோயெதிர்ப்பு செல்கள் விடும் செய்திப் புரதம்) அளப்பவர்களுக்கு இன்னொன்று. ஈ.கோலையில் தயாரித்த நச்சோடு எல்பிஎஸ்ஸும் சேர்ந்தே வரும்; மோனோசைட் அதற்கே டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாகப் பதில் சொல்லிவிடும். நச்சின் ஒரு பகுதியைக் கொதிக்க வைத்துச் சோதியுங்கள். புரதம் சிதையும், எல்பிஎஸ் சிதையாது. கொதித்த பிறகும் டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் அதே அளவு வந்தால், அதுவரை அளந்தது நச்சின் வேலையே அல்ல.