மூன்று தொட்டி வாங்கியது என் தப்பு

வட கரோலினாவின் செம்மண் களியைத் தெரிந்தவர்களுக்கு என் வீட்டுக் கொல்லையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழைக்கு மூன்று நாள் சேறு. கூரைத் தண்ணீர் வந்து விழும் மூலையில் லாவெண்டர் அழுகியது, ரோஸ்மேரியும் அழுகியது. அதற்குப் பிறகுதான் இந்த வட்டாரத்தில் இயற்கையாக வளரும் செடிகளை மட்டும் விற்கும் ஒரு நர்சரிக்குப் போய், சதுப்புச் சூரியகாந்தி மூன்று தொட்டி வாங்கிவந்தேன். ஒன்று 14 டாலர்.

செடிக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன். ஹீலியாந்தஸ் அங்குஸ்டிஃபோலியஸ் என்பது அறிவியல் பெயர். ஒடுங்கிய இலைக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஆண்டுதோறும் விதை ஊன்றும் வேலை இல்லை. குளிர்காலத்தில் தண்டு காய்ந்துவிடும், வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். மற்ற செடிகளெல்லாம் ஓய்ந்துபோன அக்டோபரில், கரும்பழுப்பு நடுவட்டத்தோடு மஞ்சள் பூக்கள் இலையே தெரியாமல் மூடிக்கொள்கின்றன. வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா, எண்ணெய் ஆட்டலாமா என்று கேட்டார். பூவே இரண்டு மூன்று அங்குலம்தான் அம்மா, விதை கோல்ட்ஃபிஞ்ச் குருவிகளுக்கே பற்றாது என்றேன்.

நர்சரிக்கு இரண்டுதான். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் உயரம் 4 அடி என்று போட்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு 8 அடி வளர்ந்து, ஒரு காற்றுக்கு மொத்தமும் வேலிமேல் சாய்ந்தது. மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் பரவும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, உரம் போட்டீர்களா என்று திருப்பிக் கேட்டார்கள். போட்டிருந்தேன்தான். கொழுத்த மண்ணில் இது நெடுநெடுவென்று வளர்ந்து துவண்டுவிடும், நிழலிலும் அப்படியே. அதை அட்டையில் சொல்லியிருந்தால் நான் ஏன் போடப்போகிறேன்?

இப்போது ஜூன் மாதத்தில் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். பக்கக்கிளை விட்டு 5 அடியில் புதராக நிற்கிறது, முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகஸ்டு வரை தள்ளிப்போட்டு வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும், கவனம்.

வாங்குகிறவர்கள் ஒரு தொட்டி மட்டும் வாங்குங்கள். இந்த மார்ச்சில் நான் தோண்டியெடுத்த 11 கன்றுகள் வாசலில் வாளியோடு இருக்கின்றன. தபால்காரர் இரண்டை எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறார்.