எல்லாப் பாடங்களிலும் எண்ணறிவு: தொடக்கப்பள்ளி ஆசிரியரைத் தயார்செய்ய எந்த வழி நல்லது?

ஜூலியஸ் சீசர் இறந்தது கி.மு. 44. அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14. இடையில் எத்தனை ஆண்டுகள்? வரலாற்று வகுப்பில் ஒரு பிள்ளை 30 என்கிறது, இன்னொன்று 58 என்கிறது. சரியான விடை 57. கி.மு. 1 முடிந்ததும் நேராகக் கி.பி. 1 வந்துவிடுகிறது, பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டே இல்லை. இந்த இடத்தில் ஆசிரியர் விடையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். இல்லையென்றால் கரும்பலகையில் காலக்கோட்டைப் போட்டு, 30 எப்படி வந்தது, 58 எப்படி வந்தது என்று ஐந்து நிமிடம் நின்று பேசலாம். அப்படி நிற்கத் தெரிந்த ஆசிரியரை உருவாக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மூன்றும் சமமானவை என்று நான் நினைக்கவில்லை.

முதல் வழி, எண்ணறிவுக்கு, அதாவது எந்தப் பாடத்திலும் எண்களைப் பொருள் புரிந்து பயன்படுத்தும் திறனுக்கு, பயிற்சிப் படிப்பில் தனித் தாள் வைத்து, கூடவே ஒரு தகுதித் தேர்வும் நடத்துவது. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு அப்படி ஒரு தேர்வு இருக்கிறது; வயதுவந்தோரில் முதல் 30 சதவீதத்தினருக்கு நிகரான எழுத்தறிவும் எண்ணறிவும் அவர்களிடம் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இங்கிலாந்திலும் இதுபோன்ற தேர்வு இருந்தது. 2019-20 கல்வியாண்டில் அதைக் கைவிட்டு, அந்தப் பொறுப்பைப் பயிற்சி தரும் நிறுவனங்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

தேர்வு ஒருவரை வடிகட்டும், தயார்செய்யாது. ஆனால் தனித் தாளை அப்படித் தள்ளிவிட முடியாது. கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்களிடம் ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கச் சொன்னார், அதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கும் கேட்டார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாக வகுத்தார்கள், பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் வகுத்தலைச் சரியாக முடித்தவர்களே பாதிக்கும் குறைவு. கருத்தளவில் சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் அரையால் வகுப்பதையும் இரண்டு பாதியாகப் பிரிப்பதையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டார்கள். முதல் கணக்கின் விடை மூன்றரை, இரண்டாவதன் விடை ஒன்றைவிடக் குறைவு. இந்தக் குழப்பத்தோடு இருப்பவர் அறிவியல் வகுப்பில் விகிதத்தையும் புவியியலில் அளவுத்திட்டத்தையும் கண்டால் ஒதுங்கிப் போவார். அது இயல்புதான். அடித்தளம் தனியாகப் போடப்பட வேண்டும், அதுவும் முதலிலேயே.

இரண்டாவது வழி, தனித் தாளே வேண்டாம், மொழி, அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வி என்று எல்லாக் கற்பித்தல் முறைத் தாள்களிலும் எண்ணறிவைக் கலந்துவிடுவது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆஸ்திரேலியக் கல்வியாளர் மெரிலின் கூஸ் முன்வைத்த மாதிரி இதற்கு நல்ல துணை: சூழல், கணித அறிவு, கருவிகள், மனப்பாங்கு ஆகிய நான்கும், அவற்றைச் சுற்றி விமர்சன நோக்கும். வெவ்வேறு துறை விரிவுரையாளர்கள் இதை வைத்து ஒரே மொழியில் பேசலாம்.

நடைமுறையில் சிக்கல் வேறு. எல்லோருடைய வேலையும் கடைசியில் யாருடைய வேலையும் இல்லாமல் போகிறது. வரலாற்று முறைத் தாள் எடுப்பவருக்கே எண் என்றால் தயக்கம் இருக்கலாம். அப்போது பாடக்குறிப்பில் ‘எண்ணறிவு’ என்ற கட்டம் மட்டும் நிரம்பும்: தாவரங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு பட்டை வரைபடத்துக்கு வண்ணம் தீட்டினார்கள், முடிந்தது. அந்த வரைபடத்தின் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா, தொடங்காவிட்டால் சின்ன வித்தியாசம் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாடத்துக்கும் பயனில்லை, கணிதத்துக்கும் பயனில்லை. மூன்றில் எனக்கு அதிகம் கவலை தருவது இந்த வழிதான், ஏனென்றால் ஆவணங்களில் இது மிக அழகாகத் தெரிகிறது.

மூன்றாவது, வகுப்பறையிலேயே கற்பது. ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கும் பாட ஆய்வு முறை இதற்குச் சரியான வடிவம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பார்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். தேவையானால் பாடத்தைத் திருத்தி வேறொரு வகுப்பில் நடத்துவார்கள்.

உடற்கல்வி வகுப்பில் நாடித்துடிப்பு எண்ணும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்வோம். பிள்ளைகள் பெருக்குவார்கள், அவ்வளவுதான். கவனித்துக்கொண்டிருந்த சக ஆசிரியர் ஒருவர், ஒரே பிள்ளைக்கு ஒரு முறை 84, அடுத்த முறை 88 வந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். உண்மையில் இதயத்தின் வேகம் கூடியதா, இல்லை எண்ணுவதில் ஒன்று கூடிவிட்டதா? 15 விநாடியில் ஒரு துடிப்பு பிசகினால் நிமிடக் கணக்கில் நான்கு பிசகும். திருத்திய பாடத்தில் பாதி வகுப்பு 15 விநாடியும் மீதி வகுப்பு 60 விநாடியும் எண்ணி ஒப்பிடுகிறது. ஓடி முடித்தவுடன் எண்ணினால் 60 விநாடிக்குள் துடிப்பே தணியத் தொடங்கிவிடும் என்பதும் அங்கேதான் வெளிவரும். ஆகவே நீண்ட நேரம் எண்ணுவது எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. இது கணக்கும்தான், உடலைப் பற்றிய பாடமும்தான். இப்படிப் பார்க்கும் கண் விரிவுரையால் வருவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நேரம் நிறையப் பிடிக்கும். குழுவில் உள்ள எல்லோருக்குமே கணிதம் பலவீனம் என்றால் 84-உம் 88-உம் யார் கண்ணிலும் படாது. ஜப்பானிய முறையில் விஷயம் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைத்துக் கடைசியில் கருத்துச் சொல்லவைப்பது இதற்காகத்தான். அந்த ஆளை விட்டுவிட்டால் கூட்டம் வெறும் பாராட்டுப் பரிமாற்றமாகிவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஓராண்டுப் பயிற்சி என்றால், முதல் பருவத்தில் பின்னம், விகிதம், அளவை, தரவு ஆகியவற்றுக்கு ஒரு தனித் தாள். அடுத்த பருவத்தில் கணிதம் அல்லாத இரண்டு பாடங்களில் பாட ஆய்வு. பல ஆண்டுப் பட்டப்படிப்பில் கலப்பு வழியையும் சேர்க்கலாம், ஆனால் அதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு, ஒரு கணித வழிகாட்டியோடு நேரே மூன்றாவது வழி. தகுதித் தேர்வு வேண்டுமென்றால் படிப்பின் தொடக்கத்திலேயே வைக்கலாம், யாருக்கு எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ள.